வழிபாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வீட்டு வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமயப் பற்றுள்ள குடும்பங்களில் பிள்ளைகளை வளர்ப்பது குறித்து நாளிதழ்களில் அவ்வப்போது கட்டுரைகளும் கடிதங்களும் வெளிவருகின்றன. பிரார்த்தனையை எந்த வயதில் கற்றுத்தருவது, மறைநூலை எப்படிப் படிக்கவைப்பது, கைப்பேசியை விட்டு எழுந்து வந்து வழிபாட்டில் உட்காரும்படி பிள்ளையை எப்படிப் பழக்குவது என்பவையே அவற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. இந்தக் கவலைகள் நியாயமானவை. ஆனால் அதே வீட்டில், அதே பிள்ளை உண்டு முடித்த தட்டை யார் எடுத்துக் கழுவுகிறார்கள், அது கழற்றிப் போட்ட துணியை யார் துவைத்து மடிக்கிறார்கள் என்ற கேள்வியைச் சமயக் கல்விக்கு உரிய கேள்வியாக எவரும் எழுப்பி நான் கண்டதில்லை. சிறுவர் சிறுமியருக்குச் சமய வகுப்பு நடத்திவருபவள் என்ற முறையிலும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய் என்ற முறையிலும் அந்தக் கேள்வியை உங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வீட்டு வேலையைச் சேர்க்காமல் கற்பிக்கப்படும் பக்தி பாதிப் பக்தி என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளைக்குத் துதிப்பாடல்கள் பல மனப்பாடமாக இருக்கலாம். நோன்பின் விதிகள் அத்தனையும் தெரிந்திருக்கலாம். ஆயினும் தான் குடித்த தண்ணீர்க் குவளையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போகவும், அதை இன்னொருவர் எடுப்பார் என்று எண்ணிக்கூடப் பார்க்காமல் இருக்கவும் அந்தப் பிள்ளை பழகியிருந்தால், பணிவு, அன்பு, நன்றி என்று நாம் சொல்லிக்கொடுத்த சொற்கள் அதன் கைகால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பக்தியுள்ள குடும்பங்களில் இந்தக் குறை வருவதற்கு அந்தப் பக்தியை நாம் கையாளும் விதமே சில வேளைகளில் காரணமாகிவிடுகிறது. பிள்ளை மறைநூலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அதனிடம் எந்த வேலையும் சொல்லப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. 'படிக்கிறான், தொந்தரவு செய்யாதே' என்று பள்ளிப் பாடத்துக்குக் கொடுக்கும் அதே விலக்கு, இன்னும் கூடுதல் மரியாதையோடு, வழிபாட்டுக்கும் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பிரார்த்தனையில் இருந்தால் துடைப்பத்தைத் தொட வேண்டியதில்லை என்பதை வெகு சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். இதைவிடக் கேடானது வேலையைத் தண்டனையாக்கும் வழக்கம். பொய் சொன்னாயா, போய்ப் பாத்திரம் கழுவு. தம்பியை அடித்தாயா, இந்த வாரம் முழுவதும் நீதான் வீடு பெருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் வீட்டில், பாத்திரம் கழுவுவது குற்றவாளி செய்யும் வேலை என்ற எண்ணம் பிள்ளை மனத்தில் பதிகிறது. அதே வேலையை நாள்தோறும் செய்யும் தாயையோ, கூலிக்கு வந்து செய்துவிட்டுப் போகும் அம்மாவையோ அந்தப் பிள்ளை பிறகு எந்தக் கண்ணால் பார்க்கும்?

மூன்றாவதாக ஒன்று உண்டு. சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்கிறோம்; இறைவன் பார்த்துக்கொண்டே இருக்கிறார், கணக்கு எழுதுகிறார் என்கிறோம். அந்த நேரத்துக்கு வேலை நடந்துவிடும். ஆனால் வளர்ந்து அச்சம் தெளிந்த நாளில், அந்தப் பிள்ளை வேலையையும் விட்டுவிடும், கடவுளையும் விட்டுவிடும். ஒரு துடைப்பத்தை எடுக்கவைப்பதற்காக இறைவனைப் பூச்சாண்டியாக்குவது எந்தச் சமயத்துக்கும் பெருமை சேர்க்காது.

புனித நாட்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தச் சமயமாக இருந்தாலும் திருநாள் நெருங்கினால் வீட்டில் வேலை இரு மடங்காகிறது. தரை கழுவ வேண்டும், திரைச்சீலைகளைத் துவைக்க வேண்டும், விருந்தினர் தங்கும் இடத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், வழக்கத்தைவிடப் பெரிய பாத்திரங்களில் சமைக்க வேண்டும், எல்லாரும் உண்டு எழுந்த பிறகு அந்தப் பாத்திரங்களையெல்லாம் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். வழிபாடு தொடங்கும் வேளையில் வீட்டார் அனைவரும் குளித்து நல்ல உடை உடுத்தி அமைதியாக அமர்ந்திருப்பார்கள்; அந்த அமைதியை உண்டாக்கியவர் மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார், அல்லது பாதி வழிபாட்டில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓரமாக நிற்பார். வழிபாட்டுக்கு வீட்டை ஆயத்தம் செய்தவருக்கே வழிபட நேரம் இல்லாமற்போகிறது. பிள்ளைகள் ஆண்டுதோறும் இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். நாம் எதுவும் சொல்லாமலே அவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம் இது: கடவுளிடம் பேசுவது சிலருக்கு, கடவுளுக்காகத் தரை துடைப்பது வேறு சிலருக்கு. வயதுக்கு ஏற்ற பங்கை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வேலை முழுவதும் முடிந்த பிறகு வழிபாட்டைத் தொடங்குவது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், வழிபாடு அரை மணி நேரம் தள்ளிப்போகக்கூடும். நாள், நேரம் கணித்துச் செய்யும் சடங்குகளுக்கு முந்தைய நாளிலேயே வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த ஏற்பாட்டுக்கு எந்த இறைவனும் குறை சொல்லப்போவதில்லை.

இதை நான் துணிந்து எழுதக் காரணம், நம் சமய மரபுகளே இதற்குச் சான்றாக நிற்பதுதான். மகாராஷ்டிரத்தில் உள்ள பண்டரிபுரத்து விட்டலனைப் பற்றிய கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகனைத் தேடி இறைவனே வாசலுக்கு வந்தபோது, அவன் வேலையைப் பாதியில் விட்டு எழவில்லை. ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, அதன்மேல் சற்று நிற்கும்படி கேட்டுக்கொண்டான். இறைவனும் நின்றார், இன்றும் அந்தச் செங்கல்லின்மேல் நிற்கும் கோலத்திலேயே அவரை வழிபடுகிறார்கள். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர் பலர், கடவுள் நேரில் வந்த அற்புதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கடவுள் காத்திருந்தார் என்பதும், அவரைக் காத்திருக்கவைத்தது வீட்டுக்குள் நடந்த சாதாரணப் பணிவிடை என்பதுமே கதையின் உயிர் என்பதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டாமா? அதே மரபைச் சேர்ந்த ஜனாபாய், விட்டலனின் அடியாரான நாமதேவரின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். அவர் மாவரைக்கும்போது விட்டலனே வந்து உடன் அமர்ந்து திரிகையைச் சுற்றியதாக அடியார்கள் சொல்லி வருகிறார்கள். நம் அப்பர் பெருமானை நினைத்தால் கையில் உழவாரப்படையோடுதான் நினைக்கிறோம். பாடல் பாடிய அதே அடியவர், கோயில் வளாகத்தில் முளைத்த புல்லையும் செடியையும் தம் கையால் செதுக்கி அகற்றினார்.

இஸ்லாமிய மரபில், நபிகள் நாயகம் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார் என்று அவருடைய துணைவியார் ஆயிஷா அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாருக்கு வேலைகள் செய்துகொடுப்பார், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார் என்று அவர் பதிலளித்ததாக நபிமொழித் தொகுப்பு பதிவு செய்துள்ளது. வேறு அறிவிப்புகளில், தம் காலணியைத் தாமே தைப்பார், துணியைத் தாமே ஒட்டுப்போடுவார் என்றும் வருகிறது. கிறிஸ்தவ மரபில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் சொல்கிறது; அன்றைய வீடுகளில் அது பணியாளர் செய்த வேலை.

இவற்றுள் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியதாக நான் கருதுவது, 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) என்ற கிறிஸ்தவத் துறவி தம் மடத்துத் துறவியருக்கு எழுதிவைத்த ஒழுங்குமுறை. அதன் 35-ஆம் அதிகாரம் முழுவதும் அடுக்களைப் பணியைப் பற்றியது. நோயுற்றவரையும் மிக முக்கியமான அலுவலில் இருப்பவரையும் தவிர வேறு எவருக்கும் அதில் விலக்கு இல்லை. துறவியர் வாரத்துக்கு வாரம் முறைவைத்து ஒருவருக்கொருவர் பரிமாற வேண்டும். வலுக்குறைந்தவருக்குத் துணையாள் கொடுக்க வேண்டும். வாரம் முடித்துச் செல்பவர் சனிக்கிழமையன்று எல்லாவற்றையும் சுத்தம் செய்து, கைகால் துடைக்கும் துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைப் பழுதில்லாமல் திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு காலை வழிபாடு முடிந்ததும், பணி முடித்தவரும் பணி ஏற்பவரும் செபக்கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டுத் தமக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்க வேண்டும். அதே நூலின் 31-ஆம் அதிகாரம், மடத்துப் பொருட்கள் அனைத்தையும் பலிபீடத்துப் புனிதக் கலங்களைப்போல் பேண வேண்டும் என்று பண்டகப் பொறுப்பாளருக்குச் சொல்கிறது.

துறவிகளின் ஒழுங்கைக் குடும்பத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதில் உள்ள மூன்று கூறுகளை எந்தச் சமயத்துக் குடும்பமும் எடுத்துக்கொள்ளலாம். வேலை முறை வைத்து எல்லாருக்கும் வருகிறது. வலுவில்லாதவருக்குத் துணை கிடைக்கிறது. வேலை கைமாறுவது வழிபாட்டின் நடுவிலேயே நடக்கிறது. வாரம் ஒருமுறை குடும்பமாகக் கூடிப் பிரார்த்திக்கும் வழக்கமுள்ள வீட்டில், இந்த வாரம் துணி மடித்தவருக்கும் கழிவறை கழுவியவருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறுவதற்கும், அடுத்த வாரம் அந்த வேலையை ஏற்பவருக்காக வேண்டிக்கொள்வதற்கும் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அப்படிப் பெயர் சொல்லப்பட்டதை ஒரு சிறுவன் மறக்க மாட்டான். அவனுடைய தந்தையின் பெயரும் அந்த வரிசையில் வர வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

குழந்தைகளுக்கு வேலை செய்ய விருப்பமே இருப்பதில்லை என்று பெற்றோர் பலர் குறைப்படுகிறார்கள். சின்னஞ்சிறு வயதில் நிலைமை நேர்மாறானது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ ஆகிய இரு ஆய்வாளர்கள் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள், அறிமுகமில்லாத பெரியவர் ஒருவர் தவறவிட்ட பொருளை எட்ட முடியாமல் தவிப்பதைக் கண்டு, யாரும் பரிசு காட்டாமலே எடுத்துக் கொடுத்து உதவினார்கள். 2008-இல் அவர்களே வெளியிட்ட இன்னோர் ஆய்வில், உதவியபோதெல்லாம் பொருள் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவ முன்வந்தார்கள். வாய்ச்சொல்லால் பாராட்டுப் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியபின் உருவாக்கிய கல்வி முறையில், பெருக்குவதும் துடைப்பதும் கழுவுவதும் பொத்தான் போடுவதும் அன்றாடப் பயிற்சிகளாகவே இடம்பெற்றன. அதற்கென்று குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில் துடைப்பமும் குவளையும் மேசையும் செய்துவைத்தார்கள்.

இரண்டு வயதுக் குழந்தை துடைப்பத்தை இழுத்துக்கொண்டு வரும்போது, நாம்தான் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, 'நீ போய் விளையாடு' என்கிறோம். அது பெருக்கினால் குப்பை இன்னும் பரவும் என்பது உண்மை. ஆனால் பத்து வயதில் அதே பிள்ளையைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொல்லும்போது, அந்த ஆசை வற்றிப்போயிருக்கிறது. வேலை சுத்தமாக முடிய வேண்டும் என்பதைவிடப் பிள்ளை வேலையில் சேர வேண்டும் என்பது முக்கியமாக இருக்கும் ஆண்டுகள் மிகச் சிலவே. அந்த ஆண்டுகளில் கொஞ்சம் தண்ணீர் சிந்தட்டும், மடித்த துணி கோணலாகவே இருக்கட்டும். பிள்ளை மடித்துவைத்ததை அதன் கண் முன்னாலேயே பிரித்து மறுபடியும் மடிக்கும் பழக்கத்தைப் பெரியவர்கள் கைவிட வேண்டும்.

வேலைக்குக் காசு கொடுக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று காட்டக் காசு கொடுப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். வழக்கமான வேலைகளுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தான் வாழும் வீட்டைத் துப்புரவாக வைப்பதற்குக் கூலி பெறும் பிள்ளை, தன்னை அந்த வீட்டின் விருந்தாளியாகவே எண்ணிக்கொள்ளும். பணத்தைக் கையாளக் கற்பிப்பது தேவைதான்; கைச்செலவுக்குக் கொடுப்பதை வேலையோடு முடிச்சுப் போடாமல் கொடுத்தாலே போதும். சமயக் குடும்பங்களில் இதற்கு இணையாக இன்னொரு கூலி புழங்குகிறது: இந்த வேலையைச் செய்தால் இவ்வளவு புண்ணியம் என்ற கணக்கு. நற்செயலுக்குப் பலன் உண்டு என்று நம்புவது வேறு. பாட்டிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்ததும் எனக்கு எத்தனை புண்ணியம் என்று பிள்ளை கேட்கும்படி பழக்குவது வேறு. பாட்டிக்குக் கால்வலி குறைந்தது, அவர் முகம் மலர்ந்தது என்பதைப் பிள்ளை பார்க்கும்படி செய்தால், கணக்குக்குத் தேவையே இருக்காது.

ஆண், பெண் வேறுபாட்டுக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் 5 முதல் 14 வயது வரையிலான சிறுமியர், அதே வயதுச் சிறுவர்களைவிட 40 விழுக்காடு கூடுதல் நேரத்தை ஊதியமில்லா வீட்டு வேலைகளில் செலவிடுகிறார்கள். 5 முதல் 9 வயதுக்குள் 30 விழுக்காடாக இருக்கும் அந்த இடைவெளி, 10 முதல் 14 வயதுக்குள் 50 விழுக்காடாக விரிகிறது. பிள்ளைகள் வளர வளர இடைவெளி குறைய வேண்டும், இங்கே கூடுகிறது. பெரியவர்கள் நிலையில், உலகில் ஊதியமின்றி நடக்கும் பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் 76.2 விழுக்காட்டைப் பெண்களே சுமக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. இந்த நிலையில், 'வீட்டு வேலையின் மதிப்பைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்' என்ற அழகான வாக்கியம், நடைமுறையில் 'மகளுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுப்போம்' என்பதாக மாறிவிடக் கூடாது. சமயத்தின் பெயரால் அது மாறுவதற்கான வாய்ப்பு அதிகம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறுமை, பணிவு, தியாகம் ஆகிய நற்பண்புகளை மகளிடம் வேலையாகவும், மகனிடம் வெறும் பேச்சாகவும் எதிர்பார்க்கும் வீடுகள் எத்தனையோ. புண்டலீகன் ஒரு மகன் என்பதையும், ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கில் அடுக்களையில் முறைவைத்து நிற்கச் சொன்னது ஆண் துறவியரை என்பதையும் மகன்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

அதே மூச்சில் ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 1989-இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. தம்பி தங்கையரை முழுநேரமும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மூத்த பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு, அதைச் சேவை என்று புகழ்வது அநியாயம். வேலை பிள்ளையை வீட்டோடு சேர்க்க வேண்டும். படிப்பிலிருந்தும் தோழர்களிடமிருந்தும் அதைப் பிரிக்கக் கூடாது. கூலிக்கு ஆள் வைத்திருக்கும் வீடுகளிலும் பிள்ளைக்கென்று சில வேலைகள் நிலையாக இருக்க வேண்டும். தன் படுக்கையைத் தானே சுருட்டுவது, தன் எச்சில் தட்டைத் தானே கழுவுவது, தன் உள்ளாடையைத் தானே துவைப்பது ஆகியவற்றை எவ்வளவு வசதி வந்தாலும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது நல்லது. வேலைக்கு வருபவரைப் பிள்ளைகள் வயதுக்குரிய மரியாதையோடு அக்கா என்றோ அம்மா என்றோ அழைக்க வேண்டும். குடும்பமாகப் பிரார்த்திக்கும்போது அவருடைய நலனுக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டும். அவருக்குரிய கூலியும் விடுப்பும் தாமதமின்றிக் கிடைப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். வேண்டுதல் மட்டும் இருந்து கூலி தாமதமானால், பிள்ளைகள் அந்தத் தாமதத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆன்மிகப் பக்கங்களில் விரத விதிகளும் திருத்தலங்களின் சிறப்புகளும் நிறைய இடம்பெறுகின்றன. அவற்றை ஆர்வத்தோடு படிப்பவர்களுள் நானும் ஒருத்தி. உங்கள் நாளிதழின் அந்தப் பக்கத்தில், வெவ்வேறு சமயங்களைச் சேர்ந்த குருமார்களையும் போதகர்களையும் ஆலிம்களையும் அழைத்து, தங்கள் வீட்டிலோ மடத்திலோ தாங்களே கைப்பட எந்த வேலையைச் செய்கிறார்கள், அதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். சமய வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களும் அதைப் படிப்பார்கள். மனப்பாடப் பகுதிக்கு மதிப்பெண் போடும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள், வகுப்பு முடிந்ததும் பாயைச் சுருட்டி வைப்பதும் அறையைப் பெருக்குவதும் யார் பொறுப்பு என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதிச் சேர்க்க அது ஒரு தொடக்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
சமய வகுப்பு ஆசிரியை ஒருவர்